விப்ரியோ காலராவின் மரபியல்

விப்ரியோ காலரா என்பது காலரா (வாந்திபேதி) நோயை உண்டாக்கும், காற்புள்ளி வடிவம் கொண்ட பாக்டீரியா ஆகும். கழிமுகங்களிலும் உவர்நீரிலும் மிதவை உயிரினங்களைப் பற்றி வாழும் இவ்வினம், புறப்பரப்பிலுள்ள சர்க்கரைத் தொடரின் அமைப்பைக் கொண்டு 200க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஓ1, ஓ139 ஆகிய இரண்டு மட்டுமே பெருங்கொள்ளைநோய்களை உண்டாக்கியுள்ளன. வெளியிலிருந்து பெறப்பட்ட சில மரபணுத் தொகுதிகளே இவற்றின் கொடுந்தன்மைக்கு முதன்மைக் காரணமாகும்.

மரபணுத்தொகை

பெரும்பாலான பாக்டீரியாக்களில் ஒரே குரோமோசோம் காணப்படும். விப்ரியோ காலராவில் வட்ட வடிவிலான இரண்டு உள்ளன. ஓ1 வகையின் எல் டோர் பிரிவைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகை 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன்படி பெரிய குரோமோசோமில் ஏறத்தாழ 29.6 இலட்சம் கார இணைகளும், சிறியதில் ஏறத்தாழ 10.7 இலட்சம் கார இணைகளும் உள்ளன. நோயுண்டாக்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை பெரிய குரோமோசோமில் அமைந்துள்ளன.

நச்சும் அதன் மரபணுக்களும்

காலராவுக்குக் காரணம் பாக்டீரியா வெளியிடும் நச்சு என்பதை 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் தே முயலின் குடலில் செய்த சோதனைகளால் நிறுவினார். இந்நச்சில் ஓர் 'ஏ' துணையலகும் ஐந்து 'பி' துணையலகுகளும் உள்ளன. 'பி' துணையலகுகள் குடற்கலத்தைப் பற்றிக்கொள்ள, 'ஏ' உள்ளே நுழைந்து சுழல் ஏ.எம்.பி.யின் அளவை உயர்த்துகிறது. இதனால் குளோரைடும் நீரும் கலத்திலிருந்து குடலுக்குள் பெருகி, கடும் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது.

இந்நச்சுக்கான மரபணுக்கள் உண்மையில் ஒரு வைரசுக்கு உரியவை. 1996இல் வால்டர், மெக்கலனோசு ஆகியோர், பாக்டீரியாவைத் தொற்றும் இழை வடிவ வைரசு ஒன்று இவற்றைச் சுமந்துவந்து குரோமோசோமில் இணைப்பதைக் கண்டறிந்தனர். இது சி.டி.எக்ஸ். வைரசு எனப்படுகிறது.

குடலில் குடியேறுதல்

பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து குடலில் குடியேற நுண்மயிரிழைகள் உதவுகின்றன. இவற்றுக்கான மரபணுக்கள் 'நோயாக்கத் தீவு' எனப்படும் தனித்தொகுதியில் அமைந்துள்ளன. சி.டி.எக்ஸ். வைரசு பாக்டீரியாவுக்குள் நுழையும் வாயிலும் இம்மயிரிழைகளே. எனவே மயிரிழை மரபணுக்களை முதலில் பெற்ற பாக்டீரியாவே பின்னர் நச்சு மரபணுக்களையும் எளிதில் பெறுகிறது. எலியின் குடலுக்குள் இவ்வைரசுத் தொற்று ஆய்வுக்கூட வளர்ப்பில் நிகழ்வதைவிட மிகுதியாக நிகழ்வதும் அறியப்பட்டது.

டாக்ஸ்-ஆர், டாக்ஸ்-டி முதலிய ஒழுங்குபடுத்தும் புரதங்கள் நச்சு மரபணுக்களையும் மயிரிழை மரபணுக்களையும் குடற்சூழலில் ஒருங்கே இயங்கச் செய்கின்றன.

ஓ139 வகையின் தோற்றம்

1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் புதிய வகைக் காலரா கண்டறியப்பட்டு, வங்காளதேசம் உள்ளிட்ட பகுதிகளுக்கும் பரவியது. எல் டோர் பாக்டீரியா ஒன்றில் புறப்பரப்புச் சர்க்கரைக்கான மரபணுத் தொகுதி முழுவதுமாக மாறியதால் ஓ139 தோன்றியது. ஓ1 வகையால் முன்னர்ப் பெற்ற நோயெதிர்ப்பு இதனைத் தடுக்கவில்லை. ஆகவே காலரா வழக்கமாகக் காணப்படும் இடங்களிலும் வளர்ந்தோர் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் முதலிய மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் எஸ்.எக்ஸ்.டி. என்னும் இடம்பெயர் மரபுக்கூறும் இதில் காணப்பட்டது. பின்னாளில் ஓ139 அருகியபோதிலும், எஸ்.எக்ஸ்.டி. கூறு ஓ1 வகையிலும் பரவியது.

பயன்பாடுகள்

நீரிலோ நோயாளியிடமோ கிடைக்கும் விப்ரியோ காலரா நச்சுடையதா என்பதை நச்சு மரபணுவைத் தேடி அறியலாம். நோய் பரவிய வழியை அறியவும் மரபணு ஒப்பீடு உதவுகிறது. 2010இல் எயிட்டி நாட்டில் பரவிய காலரா தெற்காசியாவிலிருந்து வந்தது என்பது இவ்வாறே உறுதியானது. நச்சற்ற 'பி' துணையலகு, வாய்வழித் தடுப்பு மருந்து ஒன்றிலும் சேர்க்கப்பட்டுள்ளது.