நெருப்பில்லாத நீராவி எஞ்சின்

பலமனேருக்கு இருப்புப்பாதை வந்ததில்லை. சித்தூருக்குச் சென்றே வண்டி ஏற வேண்டும். ஆகையால் நம் பக்கத்தாருக்கு நீராவி எஞ்சின் என்றதும் தூரத்தில் கண்ட கரும்புகையே நினைவுக்கு வரும். புகையே விடாத நீராவி எஞ்சின் ஒன்றும் நம் நாட்டில் உழைத்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். டெல்லி சாணக்கியபுரியில், 1977-ல் திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் அது இன்று ஓய்ந்து நிற்கிறது. ஜெர்மனியின் ஹென்ஷல் கம்பெனி 1953-ல் செய்தது. சிந்திரி உரத் தொழிற்சாலையில் வாகன்களைத் தள்ளி இழுத்து ஒழுங்குபடுத்தும் ஷண்டிங் வேலை பார்த்தது.

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் கொடுமை, உணவு உற்பத்தியைப் பெருக்க உரம் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. அதன் விளைவாகத் தன்பாத் அருகே, தாமோதர் நதியோரம் எழுந்ததே சிந்திரி. 1952 மார்ச் 2-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். அம்மோனியம் சல்பேட் செய்யும் அவ்வாலையில் எளிதில் தீப்பற்றும் வாயுக்கள் ஏராளம். புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும், பேராபத்து விளைய. அங்கே சாதாரண எஞ்சினை நடமாட விடுவது எங்ஙனம்?

இவ்வெஞ்சினில் அடுப்பும் இல்லை, கரிப்பெட்டியும் இல்லை. பருத்த இரும்புக் கலம் ஒன்றில் முக்கால் பங்கு நீரை நிரப்பி, ஆலையின் கொதிகலத்திலிருந்து குழாய் வழியே உயர் அழுத்த நீராவியை அதனுள் செலுத்துவர். அழுத்தத்தின் கீழ் நீர் 100 பாகைக்கு மேலும் சூடேறும். ஆயினும் கொதித்துப் போகாமல் அடங்கிக் கிடக்கும். குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்ட, நீராவி செலவாகும். அழுத்தம் சற்றுக் குறைந்ததும், அடங்கியிருந்த நீர் தானே கொதித்துப் புது நீராவி தரும். இவ்வாறு சில மணி நேரம் ஓடலாம். கரி வாரிப் போடும் ஆளும் தேவையில்லை. ஓட்டுநர் மட்டும் அழுத்தமானியின் மீது கண் வைத்திருக்க வேண்டும். நிரப்பும் இடத்துக்குத் திரும்புமுன் சூடு தீர்ந்தால் நட்டாற்றில் விட்ட ஓடத்தின் நிலைதான். வேறோர் எஞ்சின் வந்து இழுத்துச் செல்ல வேண்டியதே.

இம்முறை சிந்திரிக்கென்று பிறந்ததன்று. 1870-களிலேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எமில் லாம் என்பார், தெருவில் டிராம் வண்டியை இழுக்க இதனைக் கையாண்டார்; பிரான்சில் லெயோன் பிராங்க் அதனைத் திருத்தினார். நகரங்களில் மின்சார டிராம் வந்ததும் இது தொழிற்சாலைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. நீராவி ஏற்கெனவே மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் இதனினும் சிக்கனமான எஞ்சின் ஏது?

ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது அச்சிக்கனமே இடராகிறது. 1855-ல் பிறந்த ஃபேரி குயீன் எஞ்சினைப் பெரம்பூர்ப் பணிமனையில் செப்பனிட்டு, 1997-ல் டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே ஓட்ட முடிந்தது. கரியும் நீரும் இட்டால் அது எங்கும் உயிர்பெறும். சிந்திரி எஞ்சினுக்கோ உயிர் தன்னிடம் இல்லை, ஆலையின் கொதிகலத்தில் இருந்தது. அவ்வாலை 2002-ல் மூடப்பட்டது. 2024-ல் அதே ஊரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற புதிய யூரியா ஆலை இயற்கை வாயுவைக் கொண்டு இயங்குவது. அது வேறு தலைமுறை.

ஆகவே கலத்துக்கு வண்ணம் பூசித் துருவைத் தடுப்பதோடு காப்பு வேலை முடிந்ததாக நாம் கருதவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரப்பினர், எத்தனை வாகன்களை ஒருசேர இழுத்தனர், மானியின் முள் எந்தக் கோட்டுக்கு இறங்கியதும் திரும்பினர் என்பன போன்ற செய்திகளை இரும்பு சொல்லாது. அவ்வாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.