14 மாடிக் கட்டிடமும் பாலிசிப் பணமும்

ஒடுகத்தூரில் இருந்து ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒருவர், 25 வயதில் ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறார். கைக்கு வருவது ஒரு பத்திரம் மட்டும்தான். இடையில் இறந்துவிட்டால் வீட்டாருக்குப் பணம் வரும். எண்டோவ்மெண்ட் பாலிசி என்றால், உயிரோடு இருந்தாலும் முதிர்வுத் தொகை உண்டு. சாதாரண டேர்ம் பாலிசியில் அது கிடையாது, அதனால்தான் அதன் பிரீமியம் குறைவு.

இது எப்படிக் கட்டுப்படி ஆகிறது? ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டுகிறார்கள், அந்த வருடம் இறப்பவர்கள் சிலரே. அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறக்குறைய எத்தனை பேர் என்பதை இறப்பு விகித அட்டவணை சொல்லிவிடும். கணக்கு இவ்வளவுதான்! சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பணம் இன்று போகிறது, பதில் 20, 30 வருடம் கழித்து வருகிறது. நடுவில் அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது?

இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஓரியண்டல் 1818-ல் கல்கத்தாவில் தொடங்கியது, அதுவும் ஐரோப்பியர்களுக்காக. 1829-ல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் வந்தது. அந்தக் காலத்தில் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். 1870-ல் வந்த பாம்பே மியூச்சுவல்தான் இந்தியர்களையும் சாதாரண விகிதத்தில் சேர்த்தது.

சுதேசி அலையில் 1906-ல் சென்னையில் பிறந்தது யுனைடெட் இந்தியா லைஃப். பின்னாளில் அதை நடத்தியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் இவரே. மவுண்ட் ரோட்டில் வானளாவிய கட்டிடம் ஒன்றுக்குத் திட்டமிட்ட அவர், 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார்.

எல்லா நிறுவனங்களும் ஒழுங்காக நடக்கவில்லை. 1945 முதல் 1955 வரை 25 காப்பீட்டு நிறுவனங்கள் மூடப்பட்டன. பாலிசிதாரர் பணத்தை முதலாளிகள் தங்கள் மற்ற தொழில்களுக்குத் திருப்பிவிட்டதும் நடந்தது. டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் விவகாரத்தை 1955-ல் மக்களவையில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. 1956 ஜனவரி 19-ல் அவசரச் சட்டம் வந்தது, 245 நிறுவனங்கள் ஒன்றாகி அதே வருடம் செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. ஆனது. பாலிசித் தொகைக்கு மத்திய அரசே உத்தரவாதம் என்று எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது.

அரசு கையில் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? மறு வருடமே கேள்வி எழுந்தது. ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது, முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே! மீண்டும் கேள்வி கேட்டவர் அதே பெரோஸ் காந்தி, அவருடைய மாமனார் நேருவின் ஆட்சியில். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னைக்காரரான அவர் திறமைசாலிதான், ஆனால் அந்தப் பணம் ஊரார் பணம்.

செட்டியார் கனவு கண்ட கட்டிடம் எல்.ஐ.சி. கைக்கு வந்து 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்த அந்த 14 மாடிதான்.

2000-க்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் வந்தன. அவற்றுக்கு 37-வது பிரிவு பொருந்தாது, ஐ.ஆர்.டி.ஏ. கண்காணிப்புதான் காவல். பாலிசிதாரர் பக்கமும் ஒரு காவல் உண்டு. 1938-ம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு அது. 2015 திருத்தத்தின்படி, 3 வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் மறுக்க முடியாது. அதற்குள் என்றால், சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைத்தது தெரிந்தால்கூட மறுக்கலாம், படிவத்தை நிரப்பியது ஏஜெண்டாகவே இருந்தாலும்! பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த 3 வருடக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.