முரண் பேசிய தூதர் இருவர்

பள்ளி மாணவனிடம் முரண் யாதென வினவினால், பகல் - இரவு, மேடு - பள்ளம் என எதிர்ச்சொற்களை அடுக்கிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பான். கொடுக்கத்தான் வேண்டும், விடை பிழையன்று. ஆயினும் எதிர்ச்சொல் அகராதியில் கிடப்பது; முரணோ ஒருவர் ஒரு காரியத்தின் பொருட்டுக் கட்டுவது. நம் பழைய இலக்கணம் அதற்குக் கொடுத்த இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். தொல்காப்பியச் செய்யுளியல் முரணை மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றோடு தொடைகளுள் ஒன்றாக வைத்தது. மற்றைய மூன்றையும் செவி அறியும். முரணை அறியக் கருத்தும் உடன் விழித்திருத்தல் வேண்டும். தொடை என்பது தொடுத்தல். பகைத்து நிற்கும் இரண்டையே நாராகக் கொண்டு செய்யுளைத் தொடுக்கலாம் என்று கண்டது நம் முன்னோரின் நுண்ணறிவு. பின்னர் வந்த யாப்பருங்கலக் காரிகை இணை, பொழிப்பு, ஒரூஉ எனச் சீர்களின் இடம் நோக்கி முரணைப் பலவாக வகுத்தது. அவ்வகைகளைத் தேர்வு எழுதுவோருக்கு விட்டுவிடலாம்.

இக்கருவியைக் கொண்டு அரசியற் காரியம் செய்ய முனைந்த தூதர் இருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. ஒருவர் கிரேக்கர், மற்றவர் நம் ஔவையார்.

கி.மு. 427இல், சிசிலித் தீவின் லியோந்தினி நகரத்தார், தம்மை நெருக்கிய சிரக்கூஸ் நகருக்கு எதிராக உதவி வேண்டி ஏதென்ஸுக்குத் தூது விடுத்தனர். அத்தூதின் தலைவர் கோர்கியாஸ் என்னும் நாவலர். எதிரெதிர்க் கருத்துகளை ஒத்த அளவும் ஒத்த ஈறும் உடைய தொடர்களாக நிறுத்தி அவர் பேசிய முறை ஏதென்ஸ் மக்களை வியப்பில் ஆழ்த்தியது எனத் தியோதோரஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவ்வாண்டே இருபது கப்பல்கள் சிசிலிக்குப் புறப்பட்டன. பேச்சு ஒன்றே அவற்றைச் செலுத்தியது என்று கொள்ளலாகாது. பகைவர்க்குச் சிசிலியின் தானியம் போய்ச் சேராமல் தடுக்கும் எண்ணமும், அத்தீவைக் கைக்கொள்ளும் ஆசையும் ஏதென்ஸுக்கு முன்னரே இருந்தன. ஆசையுடையார் செவியில் அழகிய சொல் எளிதில் புகும். லியோந்தினியை மீட்பதும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டு, கி.மு. 415இல் மாபெரும் படை மீண்டும் சென்றது. இரண்டே ஆண்டுகளில் அப்படை சிரக்கூஸில் அழிந்தது.

கோர்கியாஸின் தூதுரை இன்று நமக்குக் கிடைத்திலது. ஆனால் ஹெலனைப் பழியினின்று விடுவிக்க வாதாடும் அவருடைய உரை கிடைத்திருக்கிறது. வரிக்கு வரி முரண். கேட்போரை மயக்கி முடித்தபின், இது எனக்கு ஒரு விளையாட்டு என்று சொல்லி அவர் அமர்ந்துவிடுகிறார்! அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் இதனை ஆராய்ந்தார். எதிரான இரண்டும் அருகருகே நிற்கும்போது எளிதில் விளங்குகின்றன. அந்த அமைப்பு வாதத்தின் வடிவையும் பெற்றுவிடுகிறது. ஆதலால் முரண் இன்பம் தருகிறது என்பது அவர் கருத்து. உடனேயே, எபிகார்மஸ் என்னும் நாடகப் புலவர் ஒரே செய்தியை இரண்டு எதிர்ச்செய்திகள் போல ஒலிக்கச் சொன்னதை எடுத்துக்காட்டிப் போலி முரண் என ஒன்று உண்டென்றும் குறித்தார். மேடைப் பேச்சில் கைதட்டல் எழுந்த இடங்களை மறுநாள் எழுத்தில் படித்துப் பார்த்தவர்களுக்கு இப்போலியோடு நல்ல பழக்கம் இருக்கும்.

இனி ஔவையார். தகடூர் எனப்பட்ட இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக அவர் தொண்டைமானிடம் சென்றார். அதியமான் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்லன். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பள்ளியைக் கூறுகிறது. தொண்டைமான் தன் வலிமை புலப்படப் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அப்போது ஔவையார் பாடியதே புறநானூற்றின் 95ஆம் பாட்டு.

இவை பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பட்டுக் காவலுடைய அகன்ற மாளிகையில் இருக்கின்றன என்று தொடங்குகிறார். தொண்டைமான் இதுவரை மகிழ்ந்திருப்பான். அவையோ பகைவரைக் குத்தியதால் நுனி முரிந்து கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று திரும்புகிறார். இவை, அவை, அகன்ற மாளிகை, சிறு பட்டறை, பொலிவு, முரிவு. சொல்லிலும் பொருளிலும் முரண் அமைந்துவிட்டது. நின்னினும் எம் அரசன் போர் வல்லவன் என்ற முடிவை அவர் சொல்லவே இல்லை. கேட்பவனே அதைச் செய்துகொள்ள வேண்டும். அவனால் மறுக்கவும் இயலாது. முரணின் ஒரு பாதி அவன் கண்முன்னே நெய் மினுங்க நிற்கிறது. அதைக் காட்டியவனும் அவனே.

அவையில் ஒரு வேந்தனை நேரே அச்சுறுத்தியிருந்தால் மானம் அவனைப் போருக்குத் தள்ளியிருக்கும். புகழ்ச்சியின் உடை அணிந்து வந்த முரண், பிறர் அறியாமல் அவன் பின்வாங்குவதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது.

இப்பாட்டை நடத்துவோர் பலர் படைக்கலத்தோடு நின்றுவிடுவர். ஔவையாரோ மேலும் ஒரு முரண் தொடுக்கிறார். உள்ளபோது பிறர்க்கு உணவளிப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பலரோடு பகிர்ந்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன். அவனுடைய வேல்கள்தாம் அவை என்கிறார். முதல் முரணில் இரு பக்கங்களும் பிரிந்து நின்றன. இரண்டாவதில் உள்ளபோதும் இல்லாதபோதும் அந்தக் கை ஒரே செயலைத்தான் செய்கிறது.