திருமணத்தைப் பதிவு செய்யாத மனைவிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு

கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்திருக்கும். பதிவு மட்டும் நடந்திருக்காது. கணவர் கை நீட்டும்போது, "பதிவுச் சான்றிதழ் இல்லாமல் போலீசுக்குப் போய் என்ன சொல்வது?" என்று எண்ணி அடியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இந்த எண்ணம் தவறானது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோர் 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மணவிலக்கு, ஜீவனாம்சம் போன்ற உரிமைகளுக்கு அந்தப் பதிவு தேவை. ஆனால் அடி உதையிலிருந்து பாதுகாப்புக் கேட்க அது தேவையில்லை. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு செய்துகொண்டவரையும், பதிவு இல்லாவிட்டாலும், கணவன் அல்லது மனைவியாகவே ஏற்கிறது. முன்னாள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். திருமணச் சடங்கு எதுவுமின்றிச் சேர்ந்து வாழ்வோருக்கு இது பொருந்தாது. அவர்கள் தாக்கப்பட்டால் குற்றவியல் சட்டத்தின் கீழ் போலீஸ் புகார் செய்யலாம்.

எவையெல்லாம் வன்முறை?

அடிப்பது மட்டுமல்ல. அடிப்பேன் என்று மிரட்டுவது, வீட்டில் அடைத்து வைப்பது, பொருள்களை உடைப்பது, மனத்தை வதைப்பது, பாலியல் ரீதியாகக் கட்டாயப்படுத்துவது ஆகியவையும் வன்முறையே.

மூன்று உத்தரவுகள்

அவசரப் பாதுகாப்பு உத்தரவு: 2018 முதல் நடப்பில் உள்ளது. சமூக நல இலாகா அதிகாரி வழங்குவார். போலீஸ் புகார் இல்லாமலும் கேட்கலாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்திற்குள் வழங்கப்பட வேண்டும். 7 நாள் செல்லும்.

இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு: போலீஸ் புகார் செய்த பிறகு, விசாரணை முடியும் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வழங்குவது. விண்ணப்பிக்க சமூக நல இலாகா உதவும்.

பாதுகாப்பு உத்தரவு: கணவர் மீது குற்றம் சாட்டப்பட்ட பின் நீதிமன்றம் வழங்குவது. 12 மாதம் வரை செல்லும், நீட்டிக்கவும் முடியும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், அவரை வெளியேற்றி மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே இருக்க விடும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு.

உத்தரவை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீறும்போது மீண்டும் தாக்கினால் 4,000 ரிங்கிட், ஓராண்டு என அது உயரும்.

முதலில் எங்கே போவது?

காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். எப்படிக் காயம் பட்டது என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மருத்துவ அறிக்கை பின்னர் சாட்சியாகும். போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் செய்யலாம். தோட்டத்திற்கு அருகில் உள்ள நிலையத்தில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்று தயங்குவோர் வேறு ஊரிலும் புகார் செய்யலாம். உடனடி ஆபத்துக்கு 999. ஆலோசனைக்கும் உதவிக்கும் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999.

அண்டை வீட்டாரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது என்று சட்டம் சொல்கிறது. லயத்தில் ஒரு வீட்டின் அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் போவதில்லை.

பாதுகாப்பு உத்தரவு கேட்பது மணவிலக்கு கேட்பது ஆகாது. குடும்பத்தை என்ன செய்வது என்பதை அந்தப் பெண் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். அதற்கு முதலில் அவர் உயிரோடும் பாதுகாப்போடும் இருக்க வேண்டும்.