லண்டன் ஆம்புலன்ஸ்: அனுமதியும் கடமையும்

லண்டனில் மக்களின் வரிப்பணத்தில் முறையாக ஓடத் தொடங்கிய ஆம்புலன்ஸ்கள் விபத்தில் அடிபட்டவர்களுக்காக வந்தவையல்ல. தொற்றுநோயாளிகளை ஊரிலிருந்து அகற்ற வந்தவை. பெரியம்மை கண்டவர்கள் அதுவரை வாடகைக் குதிரை வண்டியில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் இறங்கிய வண்டியிலேயே அடுத்த சவாரி ஏறியது. 1866ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், நோயை மறைத்துப் பொது வண்டியில் ஏறுவதைக் குற்றமாக்கியது; நோயாளிகளுக்கென உள்ளூர் நிர்வாகங்கள் தனி வண்டி வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. ஆனால், வைத்தே தீர வேண்டும் என்று கட்டளையிடவில்லை.

நகரம் முழுவதற்குமான ஏற்பாடு, 1867இல் ஏழைகளின் மருத்துவத்துக்காக அமைந்த மாநகரப் புகலிட வாரியத்திடமிருந்து வந்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஆம்புலன்ஸ் நடத்தும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. 1880களில் வாரியம் காய்ச்சல் மருத்துவமனைகளை ஒட்டிக் குதிரை லாயங்களுடன் நிலையங்களைக் கட்டியது. காலப்போக்கில் இவை ஆறாயின. நோயாளியுடன் ஒரு செவிலியரும் வண்டியில் போவார். 1884 முதல் தேம்ஸ் நதியிலும் வாரியத்தின் நீராவிப் படகுகள் ஓடின. டார்ட்ஃபோர்டு அருகே லாங் ரீச்சில் நங்கூரமிட்டிருந்த அட்லஸ், எண்டிமியன், காஸ்டாலியா என்ற மூன்று மருத்துவமனைக் கப்பல்களுக்குப் பெரியம்மை நோயாளிகளை அவை கொண்டுசேர்த்தன. அன்றைய லண்டனில் இவ்வளவு நேர்த்தியாக நடந்த பொதுச் சேவைகள் குறைவு.

தெருவில் வண்டி மோதி விழுந்தவருக்கு இதில் எந்தப் பயனும் இல்லை. அவரைப் போலீஸ்காரர்கள் சக்கரம் வைத்த தள்ளுப்படுக்கையில் உருட்டிக்கொண்டு போனார்கள். நகரின் நடுவே தனி ஆட்சி கொண்ட சிட்டி பகுதி மட்டும் 1907இல் தன் போலீஸ் மூலம் மின்சார ஆம்புலன்ஸை இறக்கியது. 1909இல் வந்த சட்டம், விபத்துக்கும் தொற்றில்லாத நோய்க்கும் சேவை நடத்த, லண்டனின் உள்ளாட்சி அமைப்பான லண்டன் கவுண்டி கவுன்சிலை அனுமதித்தது. இதுவும் அனுமதிதான், கட்டாயமல்ல; கவுன்சில் அவசரப்படவில்லை. அதன் வண்டிகள் தெருவுக்கு வந்தது 1915இல், முதல் உலகப் போர் மூண்ட பிறகு. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் பெண்களே அவற்றை இயக்கினர். 1930இல் புகலிட வாரியம் கலைக்கப்பட்டு, அதன் ஆம்புலன்ஸ்களும் கவுன்சிலிடம் வந்தன.

1946ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம்தான் அனுமதியைக் கடமையாக்கியது. 1948 ஜூலை 5 முதல் கவுண்டி கவுன்சில்களும் பெருநகரக் கவுன்சில்களும் ஆம்புலன்ஸ் சேவை தந்தாக வேண்டும். நேரடியாகவோ தொண்டு அமைப்புகள் வழியாகவோ நடத்தலாம். எல்லை மட்டும் சிக்கலாகவே இருந்தது: பெருநகர லண்டனுக்குள் ஒன்பது தனித்தனிச் சேவைகள் ஓடின. 1965இல் அவை லண்டன் ஆம்புலன்ஸ் சேவை என்று ஒன்றாகி, புதிய பெருநகர லண்டன் கவுன்சிலின் கீழ் வந்தன. அந்தப் பொறுப்பும் ஒன்பது ஆண்டுகளே நீடித்தது. 1974 ஏப்ரலில் ஆம்புலன்ஸ்கள் உள்ளாட்சியின் கையிலிருந்து தேசிய சுகாதாரச் சேவைக்கு மாற்றப்பட்டன.