எடிசன் தோற்றார், டிசி தோற்கவில்லை

போன எபிசோடில் மின்விளக்கின் கதையைப் பேசினோம். கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: எடிசன் நல்லவரா, கெட்டவரா? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி, அவ்வளவு பெரிய ஆள் ஏன் தோற்றார் என்பதுதான்.

முதலில் ஏசிக்கும் டிசிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிடறேன். டிசி வாய்க்கால் தண்ணி மாதிரி, ஒரே பக்கமாக ஓடும். பேட்டரியிலிருந்து வருவது அதுதான். ஏசி, மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்று மாறி மாறி இழுப்பாங்க. ரம்பம் எங்கேயும் போகாது, ஆனா மரம் அறுபடும். நம்ம வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை இப்படித் திசை மாறுகிறது.

1882 செப்டம்பர் 4. நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையத்தை எடிசன் தொடங்கினார். 110 வோல்ட் டிசி, ஆரம்பத்தில் சுமார் 400 விளக்குகள். நல்லாத்தான் எரிஞ்சுது. ஆனால் நிலையத்திலிருந்து ஒரு மைல் தள்ளிப் போனாலே சிக்கல்.

ஏன்? மின்னோட்டம் போகும்போது கம்பி சூடாகும். அந்தச் சூடு முழுக்க நஷ்டம். மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நஷ்டம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆனா அதே சக்தி போய்ச் சேரணும்னா வோல்ட்டேஜைப் பத்து மடங்கு ஏற்றணும். 1,100 வோல்ட்டை வீட்டுக்குள்ளே விட முடியுமா? ஏற்றி அனுப்பி, வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கணும். அதைச் செய்வதுதான் டிரான்ஸ்ஃபார்மர். மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். டிசியில் நடக்காது. எடிசன் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

1886இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில், வில்லியம் ஸ்டான்லி டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கடைத்தெருவுக்கே விளக்கேற்றிக் காட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். விளக்கு சரி, ஏசியில் ஓடுகிற நல்ல மோட்டார் வேணுமே? 1888இல் டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார்.

எடிசன் தரப்பு மக்களின் பயத்தைக் கையில் எடுத்தது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நியூயார்க் தெருக்களில் தலைக்கு மேலே போன உயர் அழுத்தக் கம்பிகள் நிஜமாகவே ஆட்களைக் கொன்றன. ஆனா அவங்க அதோட நிற்கவில்லை. ஹெரால்ட் பிரவுன் என்பவர் 1888இல் பார்வையாளர்கள் முன்னால் நாயை ஏசி கொடுத்துக் கொன்று காட்டினார். அவருக்கு எடிசனின் ஆய்வுக்கூடம் உதவியது. பிறகு மின்சார நாற்காலி வந்தது. ஏசி நொடியில், வலியில்லாமல் கொல்லும் என்று எடிசனே விசாரணையில் சொன்னார். நாற்காலிக்கு வெஸ்டிங்ஹவுஸ் ஜெனரேட்டரையே தேடிப்பிடித்து வாங்கினாங்க.

1890 ஆகஸ்ட் 6, ஆபர்ன் சிறை. வில்லியம் கெம்லர் கொலைக் குற்றவாளிதான். முதல் முறை 17 விநாடி மின்சாரம் பாய்ச்சியும் அவர் சாகவில்லை. மறுபடியும் பாய்ச்சினாங்க. இதுவா வலியில்லாத சாவு? ஒரு பொருளுக்குக் கெட்ட பேர் வாங்கித்தர மனுஷ உயிர்வரை போனாங்க. எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இதுதான்.

இன்னொண்ணு. ஏசியை இழிவுபடுத்த எடிசன் ஒரு யானையைக் கொன்றார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. டாப்ஸி யானை இறந்தது 1903இல். சண்டை முடிஞ்சு பத்து வருஷம் ஆகிவிட்டது. எடிசன் பெயரிலிருந்த நிறுவனம் அதைப் படம் பிடித்தது, அவ்வளவுதான்.

1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு விளக்கேற்றும் ஒப்பந்தம் வெஸ்டிங்ஹவுஸுக்குப் போனது. 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டி பஃபலோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது. கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

முடியல. டிசியின் வோல்ட்டேஜையும் ஏற்றி இறக்க வழி பிறந்தது. ஏசியில் ஏற்றி, டிசியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்ப ஏசியாக்குவது. 1954இல் சுவீடன் இப்படித்தான் கடலுக்கு அடியில் காட்லாந்து தீவுக்கு மின்சாரம் அனுப்பியது. இன்றைக்கு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேல் வருவது 800 கிலோவோல்ட் டிசி. ஒரு மைலுக்கே திணறியதுன்னு சொன்னோமே, அதே டிசி!

ஆக, டிசியில் குற்றமில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு கருவி இல்லை, அவ்வளவுதான். எடிசன் அந்தக் கருவியைத் தேடியிருக்கலாம். தன் பக்கத்துக் குறையை எதிராளியின் குற்றமாகப் பேசுவதில் காலத்தைச் செலவிட்டார். போன் சார்ஜரைச் சொருகும்போது கவனிங்க. சுவரிலிருந்து வருவது ஏசி, போனுக்குள் போவது டிசி. இரண்டும் உங்கள் கையில் சமாதானமாகத்தான் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.