சோஃபாவில் ரத்தக்கறையா... வெந்நீர் பக்கமே போகாதீங்க!

தோழி வீட்டு சோஃபாவில் இருந்து எழும்போதுதான் தெரிகிறது, பீரியட்ஸ் கறை. குஷனை வெச்சு மறைச்சுட்டுக் கிளம்பத் தோணும். வேண்டாம், அவங்ககிட்ட சொல்லிடுங்க. ஈரத்தில் சுலபமாகப் போகிற கறை, காய்ந்துவிட்டால் மல்லுக்கட்டும்.

பதற்றத்தில் வெந்நீரை ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ரத்தத்தில் இருப்பது புரதம். முட்டை வெந்து இறுகுவதுபோல, சூடு பட்டதும் அது துணி இழையைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைத் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். துணியில் சிவப்பு ஏறுவது நிற்கும்வரை ஒற்ற வேண்டும். பொறுமை வேணும், வேற வழியில்லை. மிச்சமிருந்தால், ஒரு கப் குளிர்ந்த நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து ஒற்றலாம்.

காய்ந்த கறைக்கு, மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு. 3% போதும். பாட்டிலில் 6% என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். நுரைக்கும், பயப்படாதீங்க. ஆனால், இது சாயத்தையும் வெளுக்கும். கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதியுங்கள். கம்பளி, பட்டு கார்பெட்டுக்குக் கூடவே கூடாது. பிளீச்சோடும் கலக்காதீங்க.

கடைசியாக வெறும் தண்ணீரில் ஒற்றிவிட்டு ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். அவசரத்துக்குக்கூட ஹேர் டிரையர் வேண்டாம், அதுவும் சூடுதான்!